ஒரு புகைபோக்கியும் கோடி வயல்களும்

வடகிழக்கு இங்கிலாந்தில் டீஸ் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே வில்டன் என்றொரு தொழில் வளாகம் இருக்கிறது. நைலான் இழைக்கு வேண்டிய அடிபிக் அமிலம் அங்கே பல ஆண்டுகள் தயாரானது. 1998-ல் அந்த ஆலையின் கழிவு வாயுக் குழாயில் ஓர் உலையைப் பொருத்தினார்கள். பிரிட்டன் முழுவதிலுமிருந்து வெளியேறும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், அந்த ஆண்டையொட்டிக் கோடு செங்குத்தாக இறங்குகிறது. ஒரு நாட்டின் காற்றுக் கணக்கையே ஓர் ஆலையின் ஒரு குழாய் மாற்றியிருக்கிறது.

இந்தியாவின் வரைபடத்தில் அப்படிப்பட்ட இடமே கிடையாது. 1960-களின் நடுவில் ஏறத் தொடங்கும் கோடு, மழை பொய்த்த ஆண்டுகளில் கொஞ்சம் தயங்கி, மறுபடி ஏறி, இன்றுவரை மேலேதான் போகிறது. எந்த ஆலை, எந்த ஊர் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

இந்த இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து, ஒரு நாடு குறைத்தது, மற்றது கூட்டியது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த வாயு எங்கே பிறந்து, எதன் வழியாக வந்து, எங்கே போகிறது என்று கூடவே போய்ப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது என்பது என் எண்ணம்.

நைட்ரஸ் ஆக்சைடை முதலில் தனியே பிரித்துப் பார்த்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி. 1772-ம் ஆண்டு, அப்போது அவர் லீட்ஸ் நகரில் பாதிரியார். இந்த வாயுவுக்குள் மெழுகுவர்த்தியைக் காட்டினால் சுடர் பெரிதாகி எரிகிறது என்று குறித்து வைத்தார். 1799-ல் பிரிஸ்டல் நகரில், வாயுக்களைக் கொண்டு நோய் தீர்க்கலாம் என்று தாமஸ் பெடோஸ் நடத்திய நிலையத்தில் வேலை பார்த்த ஹம்ஃப்ரி டேவிக்கு வயது இருபது. அம்மோனியம் நைட்ரேட்டைச் சூடாக்கி இந்த வாயுவை எடுத்து, பட்டுப் பையில் நிரப்பித் தானே முகர்ந்தார். சிரிப்பு வந்தது; பல்வலி தணிந்தது. கோல்ரிட்ஜ், சவுத்தி போன்ற கவிஞர்களையும் முகரச் செய்தார். அறுவை சிகிச்சையில் வலி போக்க இது உதவக்கூடும் என்று 1800-ல் வெளிவந்த நூலில் எழுதியும் வைத்தார். அந்த ஒரு வரியை மருத்துவ உலகம் கண்டுகொள்ள நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1844-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் இதை முகர்ந்துகொண்டு தன் பல்லையே பிடுங்கச் செய்தபோதுதான் அது மருந்தாயிற்று. அதுவரை எத்தனை பேர் விழித்திருந்தபடியே கத்தியைத் தாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

டேவி சூடாக்கிய அம்மோனியம் நைட்ரேட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் பிரிட்டன் உழவர்கள் வயலுக்கு இடும் முக்கியமான உரமாக அதுவே ஆனது.

நூற்றாண்டுக்கு மேல் இந்த வாயு மனிதன் குப்பியில் செய்யும் பொருளாகவே கருதப்பட்டது. 1930-களின் இறுதியில் அமெரிக்காவின் அரிசோனாவில் லோவெல் வானாய்வகத்தில் ஆர்தர் ஏடல் என்பவர் சூரிய ஒளியின் அகச்சிவப்புப் பட்டையை ஆராய்ந்தபோது, அதில் ஒரு பகுதி குறைந்திருப்பதைக் கண்டார். வழியில் அதை விழுங்கியது நைட்ரஸ் ஆக்சைடு. அதாவது, மனிதன் குப்பியில் பிடிப்பதற்கு முன்பே காற்றில் அது இருந்திருக்கிறது. பழைய பனிப்பாறைக்குள் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளை ஆராய்ந்தபோது, தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் நூறு கோடி மூலக்கூறுகளில் ஏறத்தாழ 270 இதுவாக இருந்தது தெரிந்தது. இன்று அந்த எண் 336-ஐத் தாண்டிவிட்டது.

அப்படியானால் இதை இயற்கையில் செய்வது யார்? பெரும்பாலும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள்தான். அவை செய்யும் வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு நாடுகளின் கதையும் கடைசியில் இங்கே வந்துதான் சேர்கிறது.

ஒரு யூரியா குருணை ஈரமான மண்ணில் விழுகிறது. மண்ணிலுள்ள ஒரு நொதி சில நாட்களில் அதை உடைத்து அம்மோனியமாக மாற்றுகிறது. அந்த நேரத்தில் வெயில் அடித்தால் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடும். மிஞ்சிய அம்மோனியத்தை, காற்றோட்டமுள்ள மண்ணில் வாழும் ஒரு வகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பயிர் அம்மோனியத்தையும் உறிஞ்சும், நைட்ரேட்டையும் உறிஞ்சும். பயிருக்குக் கிடைத்தது போக மிஞ்சும் நைட்ரேட் மழையோடு கீழே இறங்கிவிடும், அல்லது மண்ணில் தண்ணீர் நிறைந்து காற்றில்லாமல் போகும் இடத்தில் சிக்கும். காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜனை இந்த நைட்ரேட்டிலிருந்தே உருவி எடுக்கின்றன. ஒவ்வொரு படியாக உருவுகின்றன. நைட்ரேட், நைட்ரைட், நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு, கடைசியில் வெறும் நைட்ரஜன்.

கடைசிப் படி நடந்துவிட்டால் கவலையில்லை. நைட்ரஜன் எங்கிருந்து வந்ததோ அந்தக் காற்றுக்கே எந்தத் தீங்கும் இல்லாமல் திரும்பிவிடும். ஆனால் அந்தக் கடைசிப் படியைச் செய்யும் நொதி மற்றவற்றைவிட மென்மையானது. அதற்குத் தாமிரம் வேண்டும். புளித்த மண் ஆகாது. துளி ஆக்சிஜன் பட்டாலும் தளர்ந்துபோகும். முழுக்க நீர் நிற்கும் வயலில் அது ஒழுங்காக வேலை செய்கிறது. நனைந்தும் நனையாமலும், காய்ந்தும் காயாமலும் இருக்கும் மண்ணில் தடுமாறுகிறது. அப்போது பாதி வழியில் நின்றுபோன நைட்ரஸ் ஆக்சைடு மண்ணின் துளைகள் வழியே வெளியேறுகிறது. அம்மோனியம் நைட்ரைட்டாகும் முதல் கட்டத்திலும் கொஞ்சம் கசியும்.

எவ்வளவு கசியும்? அரசுகளுக்கிடையேயான பருவநிலைக் குழு உலகத்துக்கெல்லாம் பொதுவாக வைத்த கணக்கு, மண்ணில் இட்ட 100 கிலோ நைட்ரஜனில் 1 கிலோ. நம் ஊரில் தழைச்சத்து என்று சொல்வது இந்த நைட்ரஜனைத்தான். 45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அதில் நூற்றில் ஒரு பங்கு, ஆக்சிஜன் எடையையும் சேர்த்தால், ஏறத்தாழ 325 கிராம் நைட்ரஸ் ஆக்சைடு. ஒரு கையில் தூக்கிவிடும் எடை. ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் இந்த வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் திறன் அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல 273 மடங்கு. அப்படிப் பார்த்தால் அந்த ஒரு மூட்டை, காற்றில் 89 கிலோ கரியமில வாயுவைக் கலந்ததற்குச் சமம்.

வயலை விட்டுக் கிளம்பிய வாயுவுக்குக் கீழ்வளிமண்டலத்தில் எதிரியே கிடையாது. மழை கரைத்துக் கொண்டுவராது. மீத்தேனைச் சிதைக்கும் வேதிப்பொருள்கள் இதைத் தீண்டுவதில்லை. எந்த நாட்டில் கிளம்பியது என்ற அடையாளமெல்லாம் சில ஆண்டுகளில் அழிந்து, உலகக் காற்றோடு ஒன்றாகக் கலந்துவிடும். மெல்ல மெல்ல அடுக்குமண்டலத்துக்கு ஏறிய பிறகுதான் கடுமையான புறஊதா ஒளி அதை உடைக்கிறது. உடைவதற்குச் சராசரியாக 110 முதல் 120 ஆண்டுகள் ஆகின்றன. டேவி 1799-ல் வெளியே விட்டதில்கூட ஏழில் ஒரு பங்கு இன்னும் மேலே இருக்கக்கூடும் என்று கணக்குப் போடலாம். பசுமைப் புரட்சி தொடங்கியபோது கிளம்பியதில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது.

உடையும்போதும் ஒரு தீங்கு செய்துவிட்டே போகிறது. உடைந்த பகுதியில் சிறிதளவு நைட்ரிக் ஆக்சைடாக மாறி ஓசோனைத் தின்கிறது. இந்த வழியை 1970-ல் விளக்கியவர் பால் க்ருட்சன். 1995-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா சென்ற ஏ.ஆர். ரவிசங்கராவும் அவருடைய தோழர்களும் 2009-ல் ஓர் உண்மையைக் காட்டினார்கள். குளிர்பதனப் பெட்டி வாயுக்களைக் கட்டுப்படுத்திய பிறகு, மனிதன் இன்று வெளியேற்றுபவற்றில் ஓசோனுக்கு மிகப் பெரிய எதிரி நைட்ரஸ் ஆக்சைடே. ஓசோனைக் காக்க உலகம் போட்ட மாண்ட்ரியல் உடன்படிக்கையின் பட்டியலில் இதற்கு இடமில்லை. குளிர்பதனப் பெட்டிக்கு மாற்று வாயு கண்டுபிடித்தார்கள். சோற்றுக்கு எதைக் கண்டுபிடிப்பது என்ற தயக்கம் அதன் பின்னால் இருக்கத்தான் செய்யும்.

இனி வில்டனுக்கு வருவோம். நைலானை அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கேரதர்ஸ் 1935-ல் உருவாக்கினார். அதன் இரண்டு மூலப்பொருள்களில் ஒன்று அடிபிக் அமிலம். அதைச் செய்ய நைட்ரிக் அமிலம் வேண்டும். செய்து முடிக்கும்போது நைட்ரஸ் ஆக்சைடு உபரியாக வெளிவரும். அளவு கொஞ்சநஞ்சமல்ல: ஒரு டன் அடிபிக் அமிலத்துக்கு ஏறத்தாழ 300 கிலோ. காலுறைக்கும் கயிற்றுக்கும் கம்பளத்துக்கும் நைலான் பெருகிய அத்தனை ஆண்டுகளிலும் அந்த வாயுவை வானத்தில் விட்டார்கள். மணமில்லை, நிறமில்லை, நஞ்சில்லை. பல் மருத்துவர் நோயாளிக்குக் கொடுப்பதை யார் கெடுதல் என்று சொல்வார்கள்?

காற்றில் இந்த வாயு ஆண்டுதோறும் கூடிவருவதை அளந்துகொண்டிருந்த அறிவியலாளர்களுக்குக் கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. தெரிந்த மூலங்களைக் கூட்டினால் காற்றில் கூடும் அளவு வரவில்லை. 1991-ல் சான் டியேகோவில் மார்க் திமென்ஸ், வில்லியம் டிராக்லர் என்ற இருவர், அடிபிக் அமில வேதிவினையை ஆய்வகத்தில் செய்து பார்த்து, காற்றில் ஆண்டுதோறும் கூடும் அளவில் பத்து விழுக்காடு வரை நைலான் தொழிலிலிருந்தே வரக்கூடும் என்று எழுதினார்கள். பெரிய உற்பத்தியாளர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தார்கள். போட்டியாளர்களாக இருந்தும் கூடிப் பேசி, வாயுவை அழிக்கும் தொழில்நுட்பத்தைப் பகிர்ந்துகொண்டு, அந்தப் பத்தாண்டுக்குள் தங்கள் ஆலைகளில் பொருத்தினார்கள். சட்டம் நிர்ப்பந்திக்கும் வரை காத்திராமல் தொழில்துறை தானே செய்த வேலை இது. மனதாரப் பாராட்ட வேண்டும். மிகுந்த வெப்பத்தில் வாயுவை நைட்ரஜனாக உடைத்துவிடும் உலை அது. வில்டனில் அதைப் பொருத்தியது அந்த 1998-ல்தான்.

1990-ல் பிரிட்டனின் மொத்த நைட்ரஸ் ஆக்சைடில் மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ அந்த ஒரே ஆலையிலிருந்து வந்தது. இன்று நாட்டின் மொத்தம் 1990-ல் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விட்டது. அந்த இறக்கத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் அந்த உலை. 2009-ல் அந்த அடிபிக் அமில உற்பத்தியும் நின்றுபோயிற்று. ஆனால் பிரிட்டன் மக்கள் நைலான் வாங்குவதை நிறுத்தவில்லை. அடிபிக் அமில உற்பத்தியில் இன்று முன்னே நிற்கும் நாடு சீனா. அங்கே எல்லா ஆலைகளிலும் உலை எரிவதில்லை. ஆகவே 1998-ல் நடந்தது உண்மையான அழிப்பு. 2009-ல் நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது, அது இடமாற்றம். பிரிட்டனின் அட்டவணை இரண்டையும் ஒரே கோட்டில்தான் காட்டுகிறது.

நைட்ரிக் அமில ஆலைகளிலும் பின்னர் வினையூக்கி பொருத்தினார்கள். 1990-களில் காருக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானபோது, நகரத்துக் காற்று தூய்மையானாலும் பழைய வகை மாற்றிகள் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடைத் துப்பின. புதிய வகை வந்ததும் அது அடங்கியது. ஸ்காட்லாந்து மருத்துவமனைகள், குழாய் வழியே போகும் மயக்க வாயுவில் பெரும்பகுதி கசிந்தே வீணாகிறது என்று அண்மையில் கண்டு, குழாயை மூடிச் சிறு உருளைகளுக்கு மாறின. இவையெல்லாம் கணக்கின் ஓரங்கள்.

நடுவில் இருப்பது வயல்தான். பிரிட்டனிலும் இன்று நைட்ரஸ் ஆக்சைடில் ஏறத்தாழ 70 விழுக்காடு வேளாண்மையிலிருந்து வருகிறது. புகைபோக்கி அடைபட்ட பிறகு மிஞ்சியது அந்த மண். 1990-க்குப் பிறகு வேளாண்மையிலிருந்து வரும் அளவு அங்கே ஐந்தில் ஒரு பங்கு சொச்சம்தான் குறைந்திருக்கிறது. முப்பது ஆண்டு, பணம், ஆராய்ச்சி எல்லாம் இருந்தும் அவ்வளவுதான். 1843 முதல் ஒரே வயலில் ஒரே ஆய்வை நடத்திவரும் ராதம்ஸ்டெட் நிலையம் உள்ள நாடு அது. உரம் பற்றிய அறிவுக்குப் பஞ்சமில்லை.

அந்தக் குறைவும் எங்கே நடந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 1980-களின் பிற்பகுதியில் பிரிட்டன் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 லட்சம் டன் நைட்ரஜன் உரம் போட்டது; பின்னர் அது 10 லட்சம் டன் அளவுக்கு இறங்கியது. கோதுமை வயலுக்கு இடும் அளவு பெரிதாகக் குறையவில்லை. குறைந்தது மேய்ச்சல் புல்லுக்கு. 1984-ல் ஐரோப்பியச் சமூகம் பாலுக்கு உச்சவரம்பு வைத்தது, மாடுகள் குறைந்தன, புல்லுக்கு ஹெக்டேருக்கு இட்ட உரம் பாதிக்கும் கீழே போயிற்று. குடிநீரில் நைட்ரேட் சேர்வதைத் தடுக்க 1991-ல் வந்த ஐரோப்பிய விதியும் கைகொடுத்தது. பருவநிலையை மனதில் வைத்து இவற்றில் எதுவும் தொடங்கவில்லை. வெண்ணெய் மலைபோல் குவிந்ததால் பாலைக் குறைத்தார்கள்; அதோடு இந்த வாயுவும் குறைந்தது.

இந்தியாவின் கதை பசியில் தொடங்குகிறது. 1950-51-ல் நாடு முழுவதும் வயலில் இட்ட நைட்ரஜன் உரம் 55 ஆயிரம் டன். சாணமும் பசுந்தாளும் ஆட்டுக் கிடையும்தான் தழைச்சத்து. 1951-ல் சிந்திரி ஆலை அம்மோனியம் சல்ஃபேட் செய்யத் தொடங்கியது. 1965, 1966 இரண்டு ஆண்டும் அடுத்தடுத்து மழை பொய்த்தபோது, அமெரிக்கக் கோதுமைக் கப்பல் வந்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலை. உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம், எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற அறிவியலாளர்களின் துணையோடு, 1966-ல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை இறக்குமதி செய்தார். குட்டை ரகங்கள் அவை. பழைய நெட்டை ரகத்துக்கு உரம் கூடினால் பயிர் சாய்ந்துவிடும். குட்டை ரகம் உரத்தை வாங்கிக்கொண்டு கதிராக்கும். ஆகவே விதை வந்தபோதே உரமும் வந்தாக வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. 1971-ல் சென்னை மணலியிலும் 1975-ல் தூத்துக்குடியிலும் யூரியா ஆலைகள் ஓடத் தொடங்கின. 1970-71-ல் நைட்ரஜன் பயன்பாடு 15 லட்சம் டன். 1990-91-ல் 80 லட்சம். 2020-21-ல் 2 கோடி டன்னைத் தாண்டியது.

இந்தியாவின் நைட்ரஸ் ஆக்சைடு கோடு இந்த உரக் கோட்டின் நிழலில்தான் போகிறது. அந்தக் கோட்டின் அடியில் நாட்டின் அரிசியும் கோதுமையும் இருக்கின்றன. அதை நைலான் கோட்டோடு ஒப்பிட்டு ஒரே அளவுகோலால் அளப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நபர் ஒருவருக்கு என்று வகுத்தால், இறங்கி முடித்த பிரிட்டனின் அளவு இன்றும் இந்தியாவின் அளவைவிட அதிகம். தவிர, பிரிட்டன் தன் உணவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை வெளியிலிருந்து வாங்குகிறது. அதை விளைவித்த மண்ணின் கசிவு வேறு நாடுகளின் கணக்கில் எழுதப்படுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பிரிட்டனின் உழவர் பெரும்பாலும் அம்மோனியம் நைட்ரேட் இடுகிறார். இந்திய உழவர் யூரியா. அம்மோனியம் நைட்ரேட் செய்ய நைட்ரிக் அமிலம் வேண்டும், அதன் ஆலையிலேயே வாயு கசியும். யூரியாவுக்கு அது தேவையில்லை. ஆனால் யூரியா வயலில் அம்மோனியாவாகப் பறப்பது அதிகம். அந்த அம்மோனியா வேறெங்கோ இறங்கி அங்கே நைட்ரஸ் ஆக்சைடாக மாறும்.

எண்களையும் பத்திரமாகத்தான் கையாள வேண்டும். பிரிட்டன் ஆண்டுதோறும் கணக்குக் காட்டுகிறது. அளவிடும் முறை மாறினால் 1990 வரை பின்னோக்கிப் போய் எல்லா ஆண்டையும் திருத்துகிறது. இந்தியா வளரும் நாடு என்ற வகையில் இடைவெளி விட்டுத்தான் அறிக்கை அளித்துவந்தது. 1994-க்கு 1 லட்சத்து 78 ஆயிரம் டன். 2000-க்கு 2 லட்சத்து 57 ஆயிரம் டன். 2007-க்கு 2 லட்சத்து 39 ஆயிரம் டன். உரம் கூடிய அந்த ஏழு ஆண்டில் வாயு குறைந்ததாக இதைப் படித்தால் தவறு. ஒவ்வொரு அறிக்கையும் அந்தந்த நேரத்து முறையில் தயாரானது. மூன்றையும் நூலில் கோத்துக் கோடு வரைய முடியாது. இந்திய மண்ணில் அளந்த ஆய்வாளர்கள், நூற்றுக்கு ஒன்று என்ற உலகப் பொதுக் கணக்கைவிட இங்கே கசிவு குறைவு என்று கண்டு அந்த எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். பிரிட்டனும் தன் மண்ணில், தன் மாட்டுச் சாணத்தில் அளந்து சொந்த எண்களைக் கொண்டுவந்தது. எல்லா நாட்டுக்கும் ஒரே முறையைப் பின்பற்றும் ஐரோப்பிய ஆணையத்தின் கணக்குப் போன்றவற்றை வைத்துத்தான் இரண்டு நாடுகளை அருகருகே நிறுத்த வேண்டும். அவையும் திசையைச் சரியாகச் சொல்லும். அளவில் நெகிழ்வு இருக்கும்.

அளப்பது எப்படி என்று தெரிந்தால் இந்த நெகிழ்வு புரியும். பயிர் வரிசைக்கு நடுவே மண்ணில் ஒரு மூடிய பெட்டியைக் கவிழ்த்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஊசிக்குழலால் காற்றை உறிஞ்சி, குப்பியில் அடைத்து ஆய்வகத்துக்கு எடுத்துப்போக வேண்டும். உரமிட்ட மறுநாள் மழை பெய்தால் ஒரே வாரத்தில் பருவம் முழுவதற்குமான கசிவின் பெரும்பகுதி வெளியேறிவிடும். அந்த வாரத்தில் அளக்கப் போகாதவருக்கு வயல் குற்றமற்றதாகவே தெரியும்.

நெல் வயலில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. தண்ணீர் எப்போதும் நின்றால் மீத்தேன் வரும். அதைக் குறைக்கவும் நீரைச் சேமிக்கவும் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடச் சொல்கிறோம். மண் காய்ந்து வெடிப்பு விடும்போது மீத்தேன் அடங்கும். ஆனால் நாம் முன்னே பார்த்த அந்த மென்மையான நொதி தடுமாறும் நிலையும் அதுவே. 2018-ல் தென்னிந்திய நெல் வயல்களில் அளந்து வெளியான ஓர் ஆய்வு, அதிகமாகக் காயவிட்ட வயலில் நைட்ரஸ் ஆக்சைடு நினைத்ததைவிடப் பல மடங்கு வந்ததாகச் சொன்னது. நெல் அறிவியலாளர்கள் சிலர் அதை மறுத்தார்கள். அவ்வளவு கடுமையாக யாரும் காயவிடுவதில்லை என்பது அவர்கள் வாதம். வாதம் எப்படி முடிந்தாலும், காயவிடும் வயலுக்கு உரத்தை அளந்து போட வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இருக்காது. மீத்தேனுக்கு மட்டும் பணம் தரும் கார்பன் வரவுத் திட்டங்கள் நம் டெல்டாக்களுக்கு வரும்போது, இந்த இன்னொரு வாயுவையும் அளக்கிறார்களா என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

அளந்து போடுவதற்கு இடையூறாக நிற்பது உழவரின் அறியாமை என்று பேசுவது அநியாயம். 2010-ல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலையை ஓரளவு சந்தைக்கு விட்ட அரசு, யூரியாவை அந்த ஏற்பாட்டில் சேர்க்கவில்லை. மற்றவற்றின் விலை ஏறியது, யூரியா அசையவில்லை. இன்றும் 45 கிலோ மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. 2009-10-ல் தழை, மணி, சாம்பல் சத்துகளின் விகிதம் 4.3:2:1, 2012-13-ல் அது 8.2:3.2:1. கையில் இருக்கும் காசுக்கு எது கிடைக்குமோ அதைத்தான் யாரும் வாங்குவார்கள். யூரியா மிஞ்சினால் பயிர் கரும்பச்சையாகி, புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் வந்து, மருந்துச் செலவு வேறு ஏறும் என்று எந்த உழவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மாற்று ஏற்பாடுகளும் இந்த மண்ணிலேயே இருக்கின்றன. யூரியா, ஜிப்சம், வேப்பம் பிண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்ற அளவில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து மேலுரமாக இடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம். அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவின் வேகத்தை வேம்பு மட்டுப்படுத்துகிறது. பயிர் உறிஞ்ச அவகாசம் கிடைக்கிறது. 2015-ல் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கினார்கள். பூச்சு நல்லதே. ஆனால் மூட்டையின் எண்ணிக்கை குறையாமல் பூச்சால் மட்டும் பெரிய மாற்றம் வராது; 2015-க்குப் பிறகும் யூரியா விற்பனை மொத்தத்தில் கூடவே செய்தது. தூர் கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும் இலையின் பச்சையை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, வெளிறினால் மட்டும் மேலுரம் இடும் இலை வண்ண அட்டை சில ரூபாயில் கிடைக்கும் பொருள். பஞ்சாபிலும் ஆந்திரக் கடலோரத்திலும் நம் டெல்டாவிலும் விளைச்சல் குறையாமல் யூரியாவைக் குறைக்க இடமிருக்கிறது. ஒடிசா, ஜார்க்கண்ட் மானாவாரி நிலங்களில் நிலைமை நேர் எதிர். அங்கே இன்னும் கொஞ்சம் தழைச்சத்து போனால்தான் விளைச்சல் உயரும். ஒரே நாட்டுக்குள் ஒரு மாவட்டம் குறைக்க வேண்டும், இன்னொன்று கூட்ட வேண்டும்.

இந்தியா ஐ.நா.வுக்கு அளித்த 2020-ம் ஆண்டுக் கணக்கில், வெப்பம் கூட்டும் வாயுக்கள் அனைத்திலும் நைட்ரஸ் ஆக்சைடின் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடு. அடைக்க ஒரே குழாய் இந்த நாட்டில் இல்லை. உர மானியத்தை மூட்டைக்குத் தராமல் ஏக்கருக்கு இவ்வளவு என்று உழவர் கையில் தரலாம் என்ற யோசனை பல ஆண்டுகளாக டெல்லி மேசைகளில் இருக்கிறது. அப்படித் தந்தால் மிச்சப்படுத்திய ஒவ்வொரு மூட்டையும் உழவருக்கே பணமாக நிற்கும். அந்த மூட்டையின் 325 கிராமும் கிளம்பாது. குத்தகைக்கு உழுபவருக்குப் பட்டா இல்லை, பணம் நில உரிமையாளருக்குப் போய்விடும் என்ற தடை உண்மையானது. அதைத் தீர்க்க முதலில் யார் எந்த நிலத்தை உழுகிறார் என்ற பதிவு வேண்டும்.